கரையில் நடக்கும் ஏலமும் கடவுளின் கணக்கும்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கோட்டக்கரையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது காரங்காடு. ஊரின் பெருமை இரண்டு: செங்கோல் மாதா கோயில், அலையாத்திக் காடு. 2017 முதல் வனத்துறை ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு இங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறது. படகில் போகும் வெளியூர்க்காரர்கள் நாரையையும் அலையாத்தி வேரையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். படகு ஓட்டுபவரின் வீட்டில் எவ்வளவு கடன் என்று கேட்பவர்கள் குறைவு.

2018இல் மத்திய அரசு நாடெங்கும் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டுதான்: விருதுநகர், ராமநாதபுரம். காரங்காடு இருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில் மழை பொய்ப்பது உண்மை. ஆனால் பாக் நீரிணை பொய்க்கவில்லை. இந்தக் கடலின் நண்டு சதையாக உரிக்கப்பட்டு, டப்பாவில் அடைக்கப்பட்டு அமெரிக்கா வரை போகிறது. நண்டு அவ்வளவு தூரம் போகிறது; பணம் ஏன் கரைக்குத் திரும்பி வருவதில்லை? இதைப் பொருளாதாரக் கேள்வி என்று ஒதுக்கிவிட்டால் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விடும்.

வறுமைக்கு மதம் பேசுவோர் வழக்கமாகத் தரும் விளக்கங்கள் உண்டு. முன்வினை என்பார்கள். கடவுள் சித்தம் என்பார்கள். இரண்டும் சலித்தால், குடியால் கெட்டான் என்பார்கள். குடியால் அழிந்த குடும்பங்கள் கடற்கரையில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விடிவதற்கு முன்பே கடலுக்குப் போய், சொட்டுக்கூடக் குடிக்காமல் கரையேறுபவரும் கடனாளியாகவே இருக்கிறாரே, அதற்கு அந்த விளக்கத்தில் பதில் கிடையாது.

பதில் முன்பணத்தில் இருக்கிறது. வலை அறுந்தால், எஞ்சின் பழுதானால், மகளுக்குக் கல்யாணம் வந்தால் நாட்டுப்படகுக்காரர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். அதற்கு ஈடாக, பிடிபடும் மீனையும் நண்டையும் அவரிடமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படாது; விலைக்குள்ளேயே அது கழிந்துவிடும். பாடு நன்றாக இருக்கும் நாளில்கூடக் கடன் தீராது. சுறுசுறுப்பானவர் அதிகம் பிடிப்பார். அதிகம் பிடித்தால் வியாபாரிக்கு அதிகம் சேரும். வியாபாரியைத் தனியாகக் கொடியவராக்கவும் முடியாது. நள்ளிரவில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் தருபவரும் அவர்தான், வங்கி அல்ல. பாவம் ஓர் ஆளிடம் இல்லாமல் ஓர் ஏற்பாட்டில் குடியிருக்கும்போது அதை யார் அறிக்கையிடுவது?

ஒன்று தெளிவு. இந்தக் கரையில் கேட்கும் மறைமொழிகள் எவையும் ஏழையை இரக்கத்துக்கு மட்டும் உரியவராகப் பார்க்கவில்லை. இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கும் அளவுக்குப் போனார் வள்ளுவர். தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் இஸ்லாமியர் கொடுக்கும் ஜகாத், சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு. அது தர்மம் அல்ல, கடமை. செல்வத்துக்குள் ஏழைக்கு இருக்கும் உரிமை. அதே மார்க்கம் வட்டியையும் விலக்குகிறது. மிலான் நகர ஆயர் அம்புரோஸ், நான்காம் நூற்றாண்டில், பணக்காரர் ஏழைக்குத் தருவது தம்முடையதை அல்ல, ஏழைக்குச் சொந்தமானதைத் திருப்பித் தருகிறார் என்று போதித்தார். 1967இல் போப் ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில் அதையே எடுத்தாண்டார்.

சீடர்கள் எல்லோரும் ஏழை மீனவர்கள் என்று பிரசங்கங்களில் கேட்டுப் பழகியிருக்கிறோம். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு சிறு விவரம் இருக்கிறது: யாக்கோபும் யோவானும் தந்தை செபதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டுப் போனார்கள். ஆக, கலிலேயாவிலும் படகு முதலாளி இருந்தார், கூலிக்காரர் இருந்தார். அந்தக் கூலியாட்களுக்கு அன்று என்ன கிடைத்தது என்பதை நற்செய்தி சொல்லவில்லை. கடற்கரைத் திருச்சபைகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பல காலம் அவை கேட்கவில்லை; மாறாக, தாமே பங்கு கேட்டன. கன்னியாகுமரிக் கரையில் பங்குக் கோயில்கள் மீனவரின் பிடிபாட்டில் ஒரு பகுதியைக் குத்தகையாக வாங்கிவந்தன. அந்தப் பணத்தில் கோபுரம் உயர்ந்தது, பள்ளியும் வந்தது. மீனவர் குடிசை அப்படியே இருந்தது. இதைச் சொல்வதால் விசுவாசம் குறைந்துவிடாது. கணக்குக் கேட்பதும் பக்திதான்.

பிறகு அதே தெற்குக் கரையிலிருந்துதான் மாற்றமும் வந்தது. குமரியிலும் திருவனந்தபுரம் பக்கத்திலும் குருக்களும் சமூக ஊழியர்களும் ஊரூராக மீனவர் சங்கங்கள் அமைய உதவினார்கள். முதல் விற்பனையை, அதாவது கரையில் நடக்கும் ஏலத்தை, சங்கமே ஏற்றது. விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கு கடனுக்கும் இன்னொன்று சேமிப்புக்கும் பிடிக்கப்பட்டது. மீனவர் தன் மீனை யாருக்கு விற்பது என்பதைத் தானே முடிவுசெய்யும் நிலைக்கு வந்தார். 1980இல் இந்தச் சங்கங்கள் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. கேரளத்தில் தாமஸ் கோச்சேரி போன்ற குருக்களும் கன்னியர் சிலரும் 1980களில் சிறுமீனவரோடு தெருவுக்கு வந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். மழைக்காலத்தில் இழுவலையைத் தடைசெய்யச் சொன்னார்கள். ஆயர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1988இல் தடை வந்தது. நூறு அன்னதானம் செய்திருந்தாலும் அந்தத் தடை வந்திருக்காது. அன்னதானம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவருக்குச் சோறு போடுகிறது; பசிக்குச் சோறுதான் முதல் பதில். ஆனால் பசியை உண்டாக்கும் ஏற்பாட்டைத் தொடாத பதில் பாதிப் பதில்.

பாக் நீரிணையில் இன்னும் கடினமான பகுதி ஒன்று இருக்கிறது: ஏற்றத்தாழ்வு மீனவருக்குள்ளேயே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடும் உண்டு. ஆனாலும் விசைப்படகின் இழுவலை அடிக்கடலைச் சுரண்டிப் போன பிறகு சிறு வலைக்குக் கிடைப்பது சொற்பம். எல்லைக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும், போரில் படகையும் வலையையும் இழந்து மறுபடி தொடங்கிய தமிழ் மீனவரின் வலைகளையும் அது அறுக்கிறது. இலங்கைக் கடற்படை நம் மீனவரைச் சிறைபிடிப்பதும் சுடுவதும் அநியாயம். அந்த அநியாயத்தைப் பேசும் வாய், அறுந்த வலையைப் பற்றியும் பேச வேண்டும். இரு கரையாரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள். அந்தக் கோயிலை எழுப்பியவர் காரங்காட்டுக்குப் பக்கத்து நம்புதாளைக்காரர் என்று சொல்வார்கள். விசைப்படகு முதலாளிகளில் பலர் பக்திமான்கள், திருவிழாவுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள். அவர்களிடம் இழுவலையைப் பற்றி பீடத்திலிருந்து பேசுவது எந்தப் பங்குத்தந்தைக்கும் எளிதல்ல. இருந்தாலும் பேசவேண்டிய இடம் அதுதான்.

லேவியராகமம் ஐம்பதாம் ஆண்டை யூபிலி என்கிறது: விற்ற நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும், கடனுக்காக அடிமையானவர் விடுதலையாக வேண்டும். 2025ஐ யூபிலி ஆண்டாக அறிவித்த போப் பிரான்சிஸ், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளச் சொன்னார். ராமநாதபுரம் கரையில் அதைச் செயலாக்க ரோமிலிருந்து உத்தரவு வரவேண்டியதில்லை. திருவிழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, முன்பணத்தில் சிக்கிய குடும்பங்களின் கடனை அடைத்து, அவர்கள் மீனைத் திறந்த ஏலத்தில் விற்க ஒரு சங்கம் அமைக்கலாம். பள்ளிவாசலின் ஜகாத்தும் கோயிலின் உண்டியலும் அதே வேலைக்கு உதவலாம்; வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் எல்லா மதத்தாரின் பெயரும் இருக்கிறது. தொடங்குவதற்கு ஏற்ற மாதமும் தெரிந்ததே. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில்தான் விசைப்படகுக் கூலியாட்கள் வேலையின்றிக் கரையில் இருக்கிறார்கள். புதிய முன்பணம் கைமாறுவதும் அந்த நாட்களில்தான்.