ஆண்டு முடிவில் ஓர் ஐந்தொகை

நாட்குறிப்பு எழுதிய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை ‘இந்தியாவின் பெப்பிஸ்’ என்று சொல்வதுண்டு. அந்த ஒப்பீட்டுக்கு உரிய சாமுவேல் பெப்பிஸ் லண்டன் தையற்காரர் ஒருவரின் மகன். கடற்படை அலுவலகத்தில் உயர்பதவிக்கு வந்தவர். 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். லண்டனைத் தாக்கிய கொள்ளைநோயையும் 1666இன் பெருந்தீயையும் பற்றி அறிய வரலாற்றாசிரியர்கள் அதைப் புரட்டுகிறார்கள். நாட்குறிப்பு எழுத விரும்புகிறவர்கள், அவர் ஓர் ஆண்டை எப்படி முடித்துவைக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதற்கான அமைப்பு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் உடல்: 1658இல் கல்லடைப்புக்கு அறுவை செய்துகொண்ட அவருக்கு, சளி பிடித்தால் தவிரப் பழைய வலி இல்லை. அடுத்து வீடு: மனைவி, ஒரு பணிப்பெண், அவர். பிறகு நாடு: மன்னர் இல்லாத இங்கிலாந்தில் படைகள் எந்தப் பக்கம் சாயும் என்ற கவலை. கடைசியில் பணம்: ஊரார் அவரைச் செல்வந்தர் என்று நினைக்கிறார்கள், உண்மையில் கையில் ஒன்றுமில்லை. பின்வந்த டிசம்பர் 31களிலும் பெரும்பாலும் இவற்றைத்தான் எடுத்துப் பார்க்கிறார்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. ‘இந்த ஆண்டு எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால், மனம் கடைசியாக நடந்ததையோ பெரிதாக வலித்ததையோ வைத்து ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடும். தனித்தனியாகக் கேட்டால், உடம்பு நன்றாக இருந்த ஆண்டில் வீடு நலிந்ததும், வருமானம் கூடிய ஆண்டில் ஊர் அழிந்ததும் தெரியவரும்.

1665 அப்படிப்பட்ட ஆண்டு. லண்டனில் கொள்ளைநோய்க்குப் பலியானவர்கள் என்று அரசுப் பட்டியலே 68,000 பேருக்கு மேல் காட்டியது. அந்த டிசம்பர் 31இல் பெப்பிஸ், தம் சொத்து 1,300 பவுனிலிருந்து 4,400 பவுனாக உயர்ந்ததையும், இத்தனை மகிழ்ச்சியாகத் தாம் வாழ்ந்ததே இல்லை என்பதையும் எழுதுகிறார். செப்டம்பர் 14ஆம் நாள் பக்கத்துக்குப் போனால், அவரை ஏற்றிச் சென்ற படகோட்டி இறந்திருக்கிறார். பெப்பிஸின் பணியாளர் இருவர் ஒரே வாரத்தில் தந்தையை இழந்திருக்கிறார்கள். இரண்டு பக்கங்களும் பொய்யல்ல. ஆனால் செப்டம்பர் பக்கம் இல்லாமல் டிசம்பர் பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த ஆண்டைப் பற்றி நமக்குத் தவறான எண்ணமே கிடைத்திருக்கும். கடைக்காரர் அன்றாடச் சிட்டை எழுதாமல் ஐந்தொகை போட முடியாது. வாழ்க்கைக் கணக்கும் அப்படியே.

ஆண்டு முடிவு சங்கடத்தையும் தரும். 1661 கடைசியில், அரையாண்டாக ஊதாரித்தனமாகச் செலவழித்துவிட்டதால் கணக்குப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது என்று பெப்பிஸ் எழுதுகிறார். மதுவையும் நாடகத்தையும் விடுவதாகச் சபதமும் எடுக்கிறார். சபதம் நிலைக்கவில்லை. மீண்டும் எடுத்தார், மீறினால் ஏழைகளுக்கான உண்டியலில் தண்டம் போடுவது என்றும் வகுத்துக்கொண்டார். மீறியதையும் அவர் மறைக்காமல் எழுதியதால்தான் வெறும் சபதம் போதாது என்பதை அவரால் காண முடிந்தது.

அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். பெப்பிஸ் தம் கணக்கை டிசம்பரிலேயே முடித்தார். நீங்கள் பங்குனிக் கடைசியிலும் முடிக்கலாம். எந்த நாளானாலும், எழுதும் முன் ஆண்டு முழுவதும் எழுதியவற்றைப் படியுங்கள். பிறகு உடல், வீடு, ஊர், பணம் என்று தலைப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் சில வரிகள் எழுதுங்கள். பார்க்க அஞ்சுகிற தலைப்பை முதலில் எழுதுங்கள். இதுவரை நாட்குறிப்பே இல்லையென்றால், இன்றிரவு நான்கு வரியில் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு முடிவில் படிக்க உங்களுக்கு உண்மையான பக்கங்கள் இருக்கும்.