பாதியில் எழுந்து வந்தவன்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டிலிருந்து மல்லேஸ்வரத்துச் சௌடையா மண்டபம் முக்கால் மணி நடைதான் என்றாலும், அந்த நடை முடிவதற்குள் ஒருவன் தன் சுபாவத்தையே மாற்றிக்கொண்டாக வேண்டும் என்பது 1980-களின் நடுவில் ஒரு மாலைப் பொழுதில் எனக்குத் தெரியவந்தது. தந்தியும் குதிரையும் பிருடையும் பொருந்திய பிரம்மாண்டமான பிடில் ஒன்றைத் தரையில் கிடத்தியது போன்ற அந்தக் கட்டடம் 1980-இல் திறக்கப்பட்டு நாலைந்து வருஷமே ஆகியிருந்தது. அங்கே வெளிதேசத்துக் குழு ஒன்று பாலே ஆடுகிறதென்று, தாம் போக முடியாத என் மேலதிகாரி தம்முடைய டிக்கெட்டை எனக்குத் தந்தார். கண்ட இடத்தில் கைதட்டாதே, தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள் என்ற உபதேசத்தையும் இனாமாகத் தந்தார்.

உபதேசத்தை நான் அரைமணி நேரம் காப்பாற்றினேன். சைகோவ்ஸ்கியின் ‘அன்ன ஏரி’யில் ஏரிக்கரைக் காட்சி அது. நான்கு இளம் அன்னங்கள் குறுக்காகக் கைகோத்து, நான்கு தலைகளும் ஒரே சொடுக்கில் திரும்ப, எட்டுக் கால்களும் ஒரே கால் போலப் பாய்ந்து வந்த க்ஷணத்தில், என்னையறியாமல் ‘பலே!’ என்றுவிட்டேன். பாலே பார்க்கப் போய் பலே என்றது குற்றமாகிவிட்டது. பக்கத்து ஆசனத்துக் கனவான் ‘உஷ்’ என்று சீறினார். அதற்குமேல் ஆட்டம் முடியும்வரை, தலைமையாசிரியர் அறையில் நிறுத்தப்பட்ட பையனைப் போல, என் கைகளையும் வாயையும் காவல் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இந்த மௌனத்துக்கு வயது எத்தனை என்று பிற்காலத்தில் தேடிப் பார்த்தேன். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியில் ஆப்பெராவுக்குப் போன சீமான்கள் தத்தம் தனியறைகளில் விருந்துண்டு, சீட்டாடி, வம்பளந்து, தமக்கு உகந்த பாடகி பாட வரும்போது மட்டும் மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பினார்களாம். 1876-இல் பைராய்ட் நகரத்தில் வாக்னர் தாம் கட்டிய அரங்கின் விளக்குகளைத் தணித்து, வாத்தியக்காரர்களைப் பள்ளத்துக்குள் மறைத்து, பார்க்க வந்தவனுக்கு மேடையை விட்டால் வேறு கதியில்லை என்று ஆக்கியது, இந்தப் பூஜையறை ஒழுக்கம் வேரூன்றியதற்கு முக்கியமான காரணம். மிலான் நகரத்து லா ஸ்காலாவின் மேல்மாடி ரசிகர்கள் இன்னமும் முழுக்க அடங்கியவர்கள் அல்லர். 2006 டிசம்பரில் ‘ஐதா’வில் ரொபர்த்தோ அலான்யா முதற்பாட்டை முடித்ததும் அங்கிருந்து கூச்சல் கிளம்ப, அவர் விடுவிடுவென்று மேடையை விட்டே போய்விட்டார், மாற்றுப் பாடகர் வேஷம் கட்ட அவகாசமின்றி, உடுத்தியிருந்த உடையோடு வந்து பாட்டைத் தொடர்ந்தார்.

நம்மவர்க்கும் பாட்டாலேயே நடக்கும் நாடகம் புதிதன்று. அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரமும் வளர்த்த காதுகள், கிட்டப்பாவின் காலத்துக் கொட்டகைகளில் ‘ஒன்ஸ்மோர்’ என்று முழங்கின. கதை நின்றாலும் நிற்கட்டும், பாட்டு மறுபடி வேண்டும். ஒலிபெருக்கி பரவாத அந்நாளில், கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டுமே என்று சௌடையா தம் பிடிலில் தந்திகளை ஏழாக்கினார். அந்த மகானுபாவரின் பெயரால் எழுந்த மண்டபத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அன்று என் நினைவுக்கு வந்தவள் ஆயா. எனக்கு எட்டு வயதில், ஆரணிப் பக்கத்து எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவுக்கு அவள் என்னை அழைத்துப்போனாள். இரவு முழுதும் கூத்து. கோணியை விரித்து, வெற்றிலை இடித்து, பக்கத்துக்காரியின் மருமகளைப் பற்றி விசாரித்து, நடுநிசிக்கு மேல் அவள் குறட்டையே விட்டாள். ஆனால் துச்சாதனன் வேஷக்காரர், அம்மன் புடவையில் கைவைக்குமுன் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டபோது, யாரும் எழுப்பாமலே ஆயா எழுந்து நின்றிருந்தாள். முகவீணையின் மாறுதல் தூக்கத்துக்குள்ளேயே அவளை எட்டியிருக்க வேண்டும். தொழுத கை இறங்கவில்லை; கண்ணீரைத் துடைக்கவுமில்லை. கடைசி நாள் காலைப் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடை பிளந்து, பாஞ்சாலி கூந்தலை முடியும்வரை அவள் ஊர் எல்லையைத் தாண்ட மறுத்துவிட்டாள்.

ஒருவர் தம் உயிரைப் பிழிந்து நம்மெதிரே ஒன்றைச் செய்யும்போது, நாம் அவருக்குக் கொடுக்க வேண்டியது என்ன? மௌனம் என்று விடை சொல்வது சுலபம். நோயாளியின் கட்டிலருகே வாய் பேசாமல் அமர்ந்தபடி, கடைசிப் பஸ்ஸைப் பற்றி யோசித்தவன் நான்; சம்சாரம் குறை சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்டிருந்து, ஒரு வார்த்தையும் மனத்தில் வாங்காதவனும் நானே. எனினும், அன்றைய நிசப்தத்தால் எனக்கு லாபமே இல்லை என்று சொன்னால் அது பொய். நாலைந்து ஆசனங்களுக்கு அப்பால் யாரேனும் கிசுகிசுத்திருந்தால்கூட, இறகு போல இறங்கிய அந்த அன்னத்தின் பாதம் பலகையில் ‘தொப்’பென்று விழுந்த ஓசை எனக்குக் கேட்டிராது. அத்தனை லாகவத்துக்கும் அடியில் ஒரு பெண்ணின் முழு பாரமும் இருந்தது.

வீடு திரும்பியபோது ஆயா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னாடா பாத்த?”

மந்திரவாதி ஒருவன் ராஜகுமாரியை அன்னமாக்கியதையும், இரவில் மட்டும் அவள் பெண்ணாவதையும், ராஜகுமாரன் அவளைக் கண்டு மயங்கியதையும் சொன்னேன்.

“அப்புறம் அந்தப் பொண்ணு மனுசியா ஆச்சா, இல்லியா?”

அந்த ஒரு அங்கத்தைத்தான் ஆடினார்கள் என்றேன். அவர்கள் தேசத்திலேயே சில குழுக்கள் அவளை ஏரியில் மூழ்கடிக்கின்றன, சில குழுக்கள் வாழவைக்கின்றன என்று படித்ததையும் ஒப்பித்தேன். ஆயாவின் முகத்தில் அது ஏறவே இல்லை. வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் தெருவையே பார்த்திருந்தாள்.

பின்னி மில்லில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தபோது, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிராது போய்விட்டது.

“உம் புள்ள ஒரு பொண்ண அன்னப்பட்சியாவே உட்டுட்டு எழுந்து வந்திருக்கான்டா.”