எந்த வலி?

“அக்கா, இது பழைய வலியா, புது வலியா?”

புதுச்சேரிக் கடலில் டைவ் முடித்துப் படகில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஃபின்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடது கணுக்காலுக்குச் சற்று மேலே என்னையறியாமல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பயிற்சியாளர் அதைக் கவனித்துவிட்டுக் கேட்டார். எளிய கேள்விதான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

பின்னணி சுருக்கமானது. சாலை விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே டைட்டானியம் கம்பி. எலும்பு கூடி, தசை தேறி, மருத்துவர்கள் சம்மதித்த பிறகே ஸ்கூபாவுக்குத் திரும்பினேன். அன்று போன ஆழம் 15 மீட்டர். மெதுவாக ஏறினோம், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றோம். தண்ணீருக்குள் கால் ஒரு தொந்தரவும் தரவில்லை. ஏணியில் ஏறி, சிலிண்டரை முதுகிலிருந்து இறக்கிய பிறகுதான் வலித்தது.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வரும்போது அது நிதானமாக வெளியேற வேண்டும். வேகமாக ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். விதிப்படி ஏறியவர்களுக்கும் அரிதாக இது நேர்வதுண்டு. கை கால்களில் ஆழமான வலி, மரமரப்பு என்று அது தலைகாட்டும். முறிந்து கூடிய காலிலும் அதே வலியும் மரமரப்பும் மிச்சமிருக்கலாம். பழையது ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். குமிழியால் வந்ததற்கோ சிகிச்சைக்காக அழுத்த அறை வரைக்கும் ஓட வேண்டியிருக்கலாம்.

அதனால்தான், அடிபட்டவர் கடலுக்குத் திரும்பும்போது எங்கே வலி, எங்கே உணர்வு குறைவு என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நானும் எழுதியிருந்தேன்: படியேறினால் கணுக்காலுக்கு மேல் லேசான வலி. அன்று வலித்ததும் அதே இடம்தான். ஆனால் இன்னும் கொஞ்சம் உள்ளே, எலும்புக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருந்தது. முதலிலிருந்தே அப்படித்தான் இருந்ததா, அவர் கேட்ட பிறகு அப்படித் தோன்றத் தொடங்கியதா? இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு தடவையும் வந்து நிற்கிறேன்.

முன்னெச்சரிக்கையாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். தொலைபேசியில் பேசிய மருத்துவர், காலை நீட்டி ஓய்வெடுங்கள், மரத்துப்போனாலோ நடை தடுமாறினாலோ உடனே வாருங்கள் என்றார். பொழுது சாய்வதற்குள் வலி போய்விட்டது. ஆக்சிஜனால் போனதா, காலை நீட்டிப் படுத்ததால் போனதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

எப்போதோ படித்தது இப்போது நினைவுக்கு வருகிறது. ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்தார். படிப்படியாக நின்று மேலேறும் முறைக்கு அதுதான் வேர். ஆட்டுக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? வலி வந்த ஆடு பெரும்பாலும் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். படித்தபோது அந்த ஆடுகளுக்காக மனம் இரங்கியது. இப்போது வேறொன்று உறுத்துகிறது. அந்த மந்தையில் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த ஆடு ஒன்று இருந்திருந்தால், பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தவர் அதைப் பற்றி என்ன எழுதியிருப்பார்?

எந்த வலி என்று இனம்காண்பதில் எங்கள் ஆச்சி கெட்டிக்காரி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, கொடியில கெடக்க துணிய எடு, மழ வரப்போவுது” என்பாள். இன்னொரு நாள் அதே முழங்காலைத் தடவியபடி, “இது நேத்து நெல்லு அவிச்ச வலி, சாயங்காலம் போயிரும்” என்பாள். அவள் சொன்னபோதெல்லாம் மழை வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்த நாட்கள்தான் ஞாபகத்தில் நிற்கின்றன. ஆனாலும் அவளுக்குத் தன் முழங்காலோடு ஒரு பேச்சுவார்த்தை இருந்தது. என் காலோ மாதக்கணக்கில் மற்றவர்கள் பொறுப்பில் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் தினமும் “பத்துக்கு எத்தனை?” என்று கேட்டார். எவ்வளவு வலி என்று சொல்ல நன்றாகப் பழகிக்கொண்டேன். எந்த வலி என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

கால் வலியைத் தாண்டியும் இதையே யோசிக்கிறேன். என் தோழியின் கணவர் இறந்த செய்தி ஒரு நள்ளிரவில் தொலைபேசியில்தான் வந்தது. இப்போது வெளியூரில் இருக்கும் மகன் இரவில் அழைத்தால் அவளுக்குக் கை நடுங்குகிறது. அந்தப் பயம் மகனுக்காகவா, அன்றைய மணியோசையின் மிச்சமா? எல்லாம் பழசுதான் என்று தள்ளிக்கொண்டே வந்தால், உண்மையிலேயே புதிதாக ஒன்று வரும் நாளில் அதையும் தள்ளிவிடுவோம். எல்லாவற்றையும் புதிதென்று எடுத்துக்கொண்டால் தொலைபேசியைத் தொட முடியாது, கடலில் இறங்க முடியாது.

சந்தேகமிருந்தால் புது வலியாகவே நடத்து என்பது டைவிங்கில் உள்ளவர்களின் வழக்கம். கடலில் அது உயிர்காக்கும் வழக்கம். அதை மீறுவதாக இல்லை. ஆனால் ஆக்சிஜனும் மருத்துவரும் ஒரு மாலைக்குத்தான் துணை வர முடியும். தோழியின் ஒவ்வொரு இரவுக்கும் அப்படி யார் வருவார்?

அடுத்த பருவத்திலும் கடலுக்குப் போவேன். போகப்போக இந்தக் கால் பழகிவிடும், அப்போது கேட்டவுடனே பதில் சொல்லிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் பழகுவது என்றால் வலியை அடையாளம் காணக் கற்றுக்கொள்வதா, அல்லது மெல்லமெல்லக் கவனிக்காமல் விட்டுவிடுவதா? பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே நிம்மதியாகத்தான் தெரியும். எனக்குள்ளேயும் அப்படித்தான் தெரியுமோ என்னவோ, இன்னும் விளங்கவில்லை.