பத்துப் பிள்ளைகளும் ஒரு பள்ளியும்

ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே ஒரு பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். மலாயாவில் 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களுக்கு இட்ட கட்டளை இது. துரைமார்களுக்குப் பிள்ளைகள்மீது பிறந்த இரக்கத்தால் வந்ததல்ல. குடும்பத்தோடு வந்த கூலிகள் குடும்பத்தோடு தங்க வேண்டும், பால்மரம் வெட்டுவதற்கு ஆள் குறையக் கூடாது என்பதே உள்நோக்கம். பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்பது கோயில் திண்ணையோ பழைய கொட்டகையோதான். ஆசிரியர் என்பவர் கங்காணியோ கிராணியோதான். இருந்தாலும் பத்து என்ற அந்த எண் ஒரு பள்ளியைப் பிறப்பிக்கப் போதுமானதாக இருந்தது.

நூறாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்று அதே பத்துப் பிள்ளைகள் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருந்தால், அந்தப் பள்ளியை இன்னும் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் பத்து பெரிய எண். தேவை தீர்ந்த பிறகு அது சிறிய எண். எண் மாறவில்லை, அதைப் பார்க்கும் கண்தான் மாறியிருக்கிறது. பிள்ளைகள் குறைந்துபோன ஒரு பள்ளியைக் காப்பது அறமா, மூடுவது அறமா என்ற கேள்வியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பேராக் மாநிலத்தின் கமுந்திங் வட்டாரம் இந்தக் கேள்விக்கு நல்ல சாட்சி. ஈயச் சுரங்கத்தால் பிறந்த ஊர் இது. கிளியான் பாரு என்று பெயர் பெற்றிருந்த காலத்தில் சீனச் சங்கங்களின் லாருட் போர்களைக் கண்டு, 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் இன்றைய பெயருக்கு மாறியது. ஈயத்துக்குப் பின் சுற்றுவட்டாரமெங்கும் ரப்பர் வந்தது, ரப்பரோடு தமிழர்கள் வந்தார்கள். இன்று கமுந்திங் நகரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. பக்கத்துத் தைப்பிங்கில் செயிண்ட் திரேசா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி உண்டு. துரோங் பக்கம் போனால் அழகர் தோட்டத் தமிழ்ப்பள்ளி, செலாமா பக்கம் போனால் ஹோலிரூட் தோட்டத் தமிழ்ப்பள்ளி. பள்ளிப் பெயர்களில் தோட்டங்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றைய மலேசியாவில் ஏறத்தாழ 530. அவற்றுள் 134 பேராக்கில் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. 150 மாணவருக்குக் கீழ் உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற பட்டியலில் சேர்க்கிறது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி அந்தப் பட்டியலுக்குள்தான் அடங்கும்.

இப்படிப்பட்ட பள்ளி எப்படி நடக்கிறது என்பதை அறியாமல் அதன்மீது தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. பாடத்திட்டம் அமைச்சுடையது. மேற்பார்வை மாவட்டக் கல்வி இலாகாவுடையது. நிலம் மட்டும் பல இடங்களில் தோட்ட முதலாளியுடையது. நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாத பள்ளி பெரும்பாலும் ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்றே வகைப்படுத்தப்படும். அங்கே கூரை ஒழுகினாலும் வேலி சாய்ந்தாலும் பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடைச் சீட்டோடு கிளம்ப வேண்டியதுதான். அரசாங்க மானியத்தில் ஒரு பகுதி தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. தலைகள் குறைந்தால் மானியமும் குறையும். மின்கட்டணமும் புல்வெட்டும் கூலியும் தலையெண்ணிப் பார்த்துக் குறைவதில்லை.

அங்கே ஒரு வகுப்பறை எப்படி இருக்கும்? இரண்டாம் ஆண்டில் மூவர், மூன்றாம் ஆண்டில் இருவர்; ஒரே அறை, ஒரே ஆசிரியர். வெண்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் பெருக்கல், வலப்பக்கம் வகுத்தல். இடப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து கணக்குகளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் வலப்பக்கம் நகர்கிறார். தன் கணக்கை முடித்த மூன்றாம் ஆண்டுப் பையன், விரல்விட்டு எண்ணித் தடுமாறும் சின்னவளிடம் குனிந்து, “ஏழுலேருந்து எண்ணு” என்கிறான். ஐந்து பிள்ளைகளின் கையெழுத்தும் ஆசிரியருக்குத் தெரியும். யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். பாடம் முடிந்ததும் அவரே பாடநூல் கடன் திட்டத்தின் கோப்பைப் பார்க்க வேண்டும், சத்துணவுக் கணக்கை எழுத வேண்டும், புறப்பாட நடவடிக்கை அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும். அறுநூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் நாற்பது ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும் வேலையை இங்கே ஏழெட்டுப் பேர் சுமக்கிறார்கள். தலைமையாசிரியரும் பாடம் நடத்துகிறார்.

மூட வேண்டும் என்பவர்களின் வாதம் இங்கிருந்துதான் எழுகிறது. அதை இனத்துரோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆறு வருடம் ஒரே வகுப்புத் தோழனோடு மட்டும் படிக்கும் பிள்ளைக்குப் போட்டியும் இல்லை, சண்டை போட்டுச் சமாதானமாகக் கூட்டாளிகளும் இல்லை. பந்து விளையாட எதிரணி கிடையாது. மேடை நாடகத்துக்கு ஆள் பற்றாது. பாதிப் பாடநேரம் பலகையின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. பிறகு ஒருநாள் ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குள் தன்னந்தனியாக நுழையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மிரண்டுபோகாதா? பெரியவர்களின் மொழிப்பற்றுக்குச் சிறுவர்களின் பிள்ளைப்பருவத்தை ஈடு வைக்கலாமா? இதற்கு நேர்மையான பதில் சொல்லாமல் தமிழ்ப்பள்ளியைக் காப்போம் என்று முழங்குவது வெற்று முழக்கமாகவே முடியும்.

மறுதரப்பின் வாதமும் கனமானது. பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. அந்தத் துயரத்துக்கு எதிராகத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் சேமித்த வெள்ளிகளைக் கொண்டு தோட்டங்களை வாங்கினார். அதன் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் லயத்தைக் காலி செய்து தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பட்டணத்து ஓரங்களுக்கும் போயின. பள்ளி அவர்களைப் பின்தொடர்ந்து போகவில்லை. ஆகவே எண்ணிக்கை குறைந்தது தமிழ்ப்பள்ளியின் தரத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. நிலமில்லாத ஒரு சமூகம் இடம்பெயர்க்கப்பட்டதன் தழும்பு. தழும்பைக் காட்டி, உனக்குத் தகுதியில்லை என்று சொல்வது நீதியாகுமா?

இன்னொன்றும் உண்டு. மோட்டார் சைக்கிள் இருப்பவர், நகரத்தில் உறவினர் இருப்பவர், வேன் கட்டணம் கொடுக்க முடிந்தவர் ஆகியோரின் பிள்ளைகள் எப்போதோ வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். கடைசியாக எஞ்சியிருக்கும் பத்துப் பேர் பெரும்பாலும் எந்த வசதியும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான். மிகச் சிறிய பள்ளியில் இருப்பது மிக ஏழைப் பிள்ளை. பள்ளியை மூடும் கையெழுத்து நேராகப் போய் விழுவது அந்தப் பிள்ளையின் தலையில்தான். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற தூரத்தை அளவுகோலாக வைத்தன. நடைமுறையில் எத்தனை குறையிருந்தாலும் அந்த அளவுகோலில் ஓர் அறம் இருக்கிறது. எத்தனை பிள்ளை என்று எண்ணுவதற்கு முன், அந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அது கேட்கிறது.

சட்டத்தின் பக்கமிருந்து வந்த அச்சம் இன்று ஓரளவு தணிந்திருக்கிறது. தாய்மொழிப்பள்ளியைத் தேசியப்பள்ளியாக மாற்ற 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அமைச்சருக்குக் கொடுத்திருந்த அதிகாரம் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. தாய்மொழிப்பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2021இல் உயர் நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. இந்த உரிமைக்குக் கொடுத்த விலையையும் கமுந்திங் அறியும். 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமைக்காகக் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட இண்ட்ராப் இயக்கத்தின் பேரணிக்குப் பிறகு, அந்த இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டது இந்த ஊர்த் தடுப்பு முகாமில்தான். தமிழ்ப்பள்ளிகள் அனைத்தும் முழு உதவி பெறும் பள்ளிகளாக வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று. 2009இல்தான் ஐவரும் விடுதலையானார்கள். அவ்வளவு விலை கொடுத்துப் பேசப்பட்ட ஒன்றை வெறும் நிர்வாகக் கணக்காகச் சுருக்குவது நன்றி கொன்ற செயல். ஆனால், அந்தத் தியாகத்தைச் சொல்லிக்கொண்டே ஒழுகும் கூரையை மறப்பதும் அதே நன்றி கொன்ற செயல்தான்.

மூடுவதற்கும் காப்பதற்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. புதிய தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி எளிதில் கிடைக்காத நாட்டில், பிள்ளைகள் இல்லாத தோட்டப்பள்ளியின் உரிமத்தைத் தமிழர்கள் குடியேறியிருக்கும் நகர்ப்புறத்துக்கு மாற்றுவது அது. பள்ளிகளின் எண்ணிக்கை குறையாது, பள்ளியும் மக்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். மக்கள் போன பாதையில் பள்ளி போவது இயல்பானது. ஆயினும் உரிமம் ஒரு காகிதம். காகிதத்தை லாரியில் ஏற்றிவிட்டுப் பிள்ளையை லயத்தில் விட்டுவிட்டால், அது இடமாற்றமே அல்ல. கடைசிப் பிள்ளைக்கு வேன் ஏற்பாடாகி, கட்டணம் யார் பொறுப்பென்று எழுத்தில் உறுதியாகி, தாய் தகப்பனைக் கூப்பிட்டு அவர்கள் வாயால் சம்மதம் கேட்ட பிறகு நடந்தால்தான் அந்த மாற்றம் அறத்தோடு பொருந்தும். வரிசை முக்கியம்: முதலில் பிள்ளை, பிறகு உரிமம்.

பெற்றோரின் தேர்வைப் பற்றியும் பேசியாக வேண்டும். ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்பது நாடறிந்த முழக்கம். தன் பிள்ளையைத் தேசியப்பள்ளிக்கோ சீனப்பள்ளிக்கோ அனுப்பும் ஏழைத் தாயைத் துரோகி என்று ஏசுபவர்கள், முதலில் தங்கள் பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். தேர்வு என்ற சொல்லுக்குத் தரமான இரண்டு வழிகள் எதிரே இருக்க வேண்டும். ஒரு பக்கம் பாதிப் பலகை, மறுபக்கம் முழுப் பலகை என்றால், தாய் முழுப் பலகையைத் தேடித்தான் போவாள். அவளைக் குறை சொல்லும் உரிமை, இந்தப் பக்கத்துப் பலகையை முழுமையாக்க உழைத்தவர்களுக்கு மட்டுமே உண்டு. அப்படி உழைத்தவர்கள் பொதுவாகக் குறை சொல்வதில்லை. ஆண்டு தவறாமல் வீடு வீடாகப் போய், முதலாம் ஆண்டுக்குப் பதிய வேண்டிய பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கடைசிப் பிள்ளையையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு ஒரு பள்ளியை இடம் மாற்றுவதில் பாவமில்லை. ஐந்து பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்து வைத்து, நகரத்துப் பிள்ளைக்குக் கிடைப்பதையெல்லாம் அவர்களுக்கும் கொடுப்பதில் வீண்செலவும் இல்லை. வாரம் ஒருநாள் பக்கத்துப் பள்ளிகளின் பிள்ளைகளை ஒரே திடலில் சேர்த்து விளையாட விடுவதற்கும், இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு வேன் வைப்பதற்கும் பெரிய சட்டமெதுவும் வேண்டாம். மாவட்ட இலாகாவும் வாரியங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். பிழை எங்கே இருக்கிறது என்றால், மூடவும் மனமில்லாமல் பேணவும் மனமில்லாமல், கணக்கில் ஒன்று குறையக் கூடாது என்பதற்காக மட்டும் ஒரு பள்ளியைத் திறந்து வைத்திருப்பதில் இருக்கிறது. அந்தப் பிழையில் அமைச்சுக்குப் பங்குண்டு, நிலத்தை விட்டுக்கொடுக்காத முதலாளிக்குப் பங்குண்டு, மேடையில் மட்டும் தமிழ்ப்பள்ளியை நினைக்கும் சமூகத்துக்கும் பங்குண்டு.

1912இல் தோட்டம் பத்துப் பிள்ளைகளைத் தன் தேவைக்காக எண்ணியது. இப்போது எண்ணுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் தேவைக்காக எண்ண வேண்டும். பலகையின் வலப்பக்கத்தில் வகுத்தல் கணக்கு இன்னும் முடியவில்லை. அந்தப் பையன் நிமிர்ந்து, ஆசிரியர் இந்தப் பக்கம் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.