வேடமும் வாய்மையும்

மேடையிலும் திரையிலும் பிறராக வாழ்ந்த ஒருவன் பின்னர் எழுதுகோல் ஏந்தித் தன் வாழ்வை நினைவுக்குறிப்பாகவும் சிறுவர்க்குரிய கதையாகவும் எழுத முற்படுகிறான். அவனது சொல்லை எவ்வளவுக்கு நம்பலாம்? எவர்க்கு எவ்வகை உண்மையை அவன் கடன்பட்டுள்ளான்? கலை பற்றிய வினாவாகத் தோன்றினும் இஃது அடிப்படையில் ஓர் ஒழுக்கவியல் வினாவே. பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு நோக்குமிடத்து இதன் கூர்மை மேலும் புலப்படும்.

நடிப்புப் பொய்யா என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலிற் போலச்செய்தலை ஐயுற்றார். பிரெஞ்சு அறிஞர் திதரோ, சிறந்த நடிகன் தான் காட்டும் உணர்ச்சியைத் தான் உணர்வதில்லை என வாதிட்டார். ஆயினும், அரசவேடம் புனைந்தோன் அரசனல்லன் என்பதைக் காண்போர் அறிவர். அவர்கள் அறிவர் என்பதை அவனும் அறிவான். இருதரப்பும் அறிந்து உடன்பட்ட இடத்தில் வஞ்சனைக்கு இடமில்லை. பொய்யைப் பொய்யாக்குவது கூற்று அன்று. கேட்போனின் நம்பிக்கையைக் கேட்போன் அறியாது முறித்தலே.

நினைவுக்குறிப்பில் அவ்வுடன்பாடு மாறிவிடுகிறது. ‘இது நான்’ என்று கூறி ஒருவன் முன்வரும்போது வாசகன் அவனை வேடமற்றவனாகவே கொள்கிறான். தமிழ் நாடகத்துறையில் இத்தகைய நூல்கள் சில உள. பம்மல் சம்பந்த முதலியார் ‘நாடக மேடை நினைவுக’ளை எழுதினார். அவரைக் குருவாகக் கொண்டு 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை நிறுவிய கலையரசு சொர்ணலிங்கம், 1968இல் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற நூலைத் தந்தார். 1918இல், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையிற் சேர்ந்த தி. க. சண்முகம், மேடையிலும் திரையிலும் நடித்த பின்னர் 1972இல் ‘எனது நாடக வாழ்க்கை’யை வெளியிட்டார். சிறுவர்க்கான நாடகத்திலும் அவர் நாட்டம் செலுத்தினார்.

கைதட்டலுக்குப் பழகியவன் எழுதும்போதும் கைதட்டலை நாடுதல் இயல்பு. நினைவும் தன்னளவிலே தெரிவு செய்வதாகும். எனவே எல்லாவற்றையும் கூறுமாறு அவனைக் கேட்டல் முறையன்று. ஆயின் ஒன்றைக் கேட்கலாம்: தன் புகழைத் தாங்கிய பிறர் உழைப்பை அவன் மறைக்கின்றானா? திரை இழுத்தோரும், ஒத்து ஊதியோரும், உடன் நடித்த சிறுவரும் அவன் நூலில் இடம்பெறின் அந்நூல் வாய்மையுடையது. அவர்களை அகற்றித் தன்னை மட்டும் நிறுத்துமாயின், அது மற்றொரு வேடமே.

சிறுவர்க்கு எழுதுதல் இதனினும் பொறுப்பு மிக்கது. சண்முகம் ஔவையாராக நடித்தமையால் ‘ஔவை’ என்ற பெயரே அவருக்கு அடையாயிற்று. ஔவையோ நம் பிள்ளைகள் எழுத்தறியுங்காலத்தே முதன்முதற் கேட்கும் குரல்களுள் ஒன்று. அக்குரலை ஏற்பவன், எதிர்த்து வினவும் ஆற்றல் இன்னும் முதிராத உள்ளங்களோடு பேசுகிறான். குற்றமற்ற நன்மை பயக்குமாயிற் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார் வள்ளுவர். இதனைக் காட்டிப் பிள்ளைகளுக்கு இனிய பொய்களைக் கூறலாம் என்பாருளர். வள்ளுவர் விதித்த நிபந்தனை அத்துணை எளிதன்று. பின்னொருநாள் உண்மை அறியும் பிள்ளை, தான் ஏமாற்றப்பட்டதாக உணருமாயின் அந்நன்மை குற்றமற்றதாகாது. பிள்ளையின் வயதுக்கேற்ப உண்மையின் அளவைக் குறைக்கலாம்; உண்மைக்குப் பதிலாக வேறொன்றை வைத்தலாகாது.

இனி ஊவாவுக்கு வருவோம். பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலும் கலைஞர் இருந்தனர், இருக்கின்றனர். மாசி மாதத்துக் காமன் கூத்தில், பகலில் மலையில் வேலை செய்தோரே காப்புக் கட்டி விரதமிருந்து, இரவில் மன்மதனாகவும் ரதியாகவும் ஆடுவர். ரதியின் புலம்பலை ஓர் ஆண்மகன் பாட, லயத்துப் பெண்கள் தம் இழப்புகளை நினைந்து கண்ணீர் விடுவர். எனினும் இவர்களுள் தம் வரலாற்றை நூலாக்கிச் சென்றோர் மிக அரியர். காரணம் திறமைக் குறைவன்று. எழுத்தறிவும் ஓய்வும் அச்சு வசதியும் எல்லார்க்கும் ஒப்பக் கிடைத்தில.

கூத்து ஊருக்குரியது, அதில் ‘நான்’ என்பதற்கு இடமில்லை, ஆதலால் ஆடுவோனுக்கு நினைவுக்குறிப்பு வேண்டியதில்லை என்பாரும் உளர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ‘நான்’ என்பதைத் தானே துறத்தல் வேறு. பிறர் அதனைப் பறித்தல் வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்க் கவனிக்கலாம் என விட்டது. மனிதர் எண்களாகிய அக்காலத்தில், ஒருவன் தன் பெயரோடு தன் கதையைக் கூறுதல் தற்பெருமையாகாது. தான் ஆளென நிறுவுதலாகும்.

அவர்கள் எழுதாதவிடத்து எழுதக்கூடியோர் நாமே. லயங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தோர் இன்று பலர். இங்கேதான் முதல் வினா நம்மை நோக்கித் திரும்புகிறது. ஒரு கூத்தாடியின் குரலில் நாம் எழுதும்போது நாமும் வேடம் புனைகிறோம். ஆனால் வாசகன் அதனை அறியான். துயரத்தை மிகைப்படுத்தி இரக்கம் தேடுதலும், வறுமைக்கு அழகு தீட்டுதலும் அவ்வேடத்தின் இரு குறைகள். ஆதலின் சில கடமைகள் நம்மைச் சாரும். கேட்டதைக் கேட்டதாகவும் கற்பித்ததைக் கற்பித்ததாகவும் பிரித்துக் காட்டல் வேண்டும். உரியவரின் இசைவு பெறல் வேண்டும். எழுதியதை அச்சுக்கு முன்னர் அவர்க்கு வாசித்துக் காட்டி, அவர் மறுப்பதை நீக்கல் வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுதும்போது இக்கடமை இரட்டிக்கின்றது. அரசரும் அரண்மனையும் மட்டுமே நிறைந்த நூல், அப்பிள்ளையின் வீட்டைக் கதைக்குத் தகாததாக்குகிறது. துயரம் மட்டுமே நிறைந்த நூலோ அவ்வீட்டை வெட்கத்துக்குரியதாக்குகிறது. தாத்தா கொழுந்து நிறுத்ததையும், குடியுரிமையின்றி வாழ்ந்ததையும், அதே தாத்தா மாசி நிலவில் மன்மதனாய் ஆடியதையும் ஒரே கதையிற் கூறும் நூலே அப்பிள்ளைக்கு நாம் செலுத்தவேண்டிய கடன். எரிக்கப்பட்ட மன்மதன் மீண்டும் எழுகிறான் என்று கூத்து முடிகிறது. அவனாக ஆடியவர்களோ முதியோராகி வருகின்றனர். அவர்தம் வாய்மொழியைக் கேட்டு எழுதும் காலம் நீண்டதன்று.