ஒரு தளத்தின் எல்லை எது?

பகிர்வு ஹோஸ்டிங்கில் பணம் கட்டுகிறவருக்கு நிறுவனம் தருவது ஒரு கணக்கு. அதில் ஒரு வலைத்தளமும் இருக்கலாம், ஏழும் இருக்கலாம். மின்னஞ்சல் பெட்டிகள், தரவுத்தளங்கள், எப்போதோ சோதனைக்கு நிறுவி மறந்துபோன தளம் எல்லாம் ஒண்டுக்குடித்தனமாக அங்கேயே வாழ்கின்றன. நிறுவனத்தின் கருவிகளும் கணக்கையே அலகாகக் கொண்டவை. எனவே ஒரே ஒரு தளத்தைக் காப்பெடுத்து, பின்னொரு நாள் அதை மட்டும் மீட்க விரும்புகிறவர், எதுவரை அந்தத் தளம் என்று முதலில் எல்லை வரைந்துகொள்ள வேண்டும். நகலெடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பரவலாகப் புழங்கும் கட்டுப்பாட்டுப் பலகையான சிபேனலை எடுத்துக்கொள்வோம். அதில் முழுக் கணக்கையும் ஒரே சுருக்கக் கோப்பாகத் தரும் வசதி உண்டு. அதைத் தரவிறக்கி வைத்தவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள். ஆனால் அந்தக் கோப்பை வாடிக்கையாளர் தம் சிபேனலிலிருந்து தாமே திரும்ப ஏற்ற முடியாது. சேவையகத்தின் தலைமை உரிமை உள்ள நிறுவனத்தார்தான் ஏற்ற வேண்டும். அப்படியே ஏற்றினாலும் பழுதான தளத்தோடு பழுதில்லாத ஆறும் பழைய தேதிக்குத் திரும்பும் ஆபத்து இருக்கிறது. நிறுவனம் மாறிக் குடிபெயர்கிறவருக்கு இந்தக் கோப்பு அருமையானது. நம் தேவைக்கு அது அளவுக்கு மீறி அகலமானது.

இனி எல்லையை வரைவோம். வேர்ட்பிரஸ் தளம் என்றால் அதற்கு இரு பகுதிகள்: கோப்புறையில் கோப்புகள், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் அட்டவணைகள். கூடுதலாகச் சேர்த்த டொமைனின் கோப்புறை, சில கணக்குகளில், வலைக்குத் திறந்த கோப்புறையான பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு உள்ளே இருக்கும். சிலவற்றில் வெளியே இருக்கும். ஊகிக்க வேண்டாம், சிபேனலின் டொமைன்கள் பக்கத்தில் பாதை எழுதியிருக்கிறது. தரவுத்தளத்தைக் காட்டிக்கொடுப்பது டபிள்யூபி-கான்ஃபிக் என்ற கோப்பு. தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல், அட்டவணைகளின் முன்னொட்டு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. முன்னொட்டைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இரண்டு தளங்கள் ஒரே தரவுத்தளத்தில் வெவ்வேறு முன்னொட்டுகளோடு குடியிருப்பதுண்டு. அங்கே எல்லைக்கோடு தரவுத்தளத்தின் நடுவிலேயே ஓடுகிறது. கோப்புறையில் படங்களும், தீமும், செருகுநிரல்களும் உள்ள டபிள்யூபி-கன்டென்ட்தான் முக்கியம். மற்ற மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் புதிதாக இறக்கலாம். புள்ளியில் தொடங்கும் மறைகோப்பான எச்டிஅக்சஸ் விடுபட்டால், மீண்டு வந்த தளத்தின் முகப்பு திறக்கும், உள்பக்கங்கள் திறக்காமல் போகலாம்.

எல்லை தெரிந்த பின் வருவது வரிசை. தரவுத்தளத்தை முதலில் எடுங்கள், கோப்புகளைப் பிறகு எடுங்கள். இடையில் ஒருவர் ஒரு படத்தை ஏற்றினார் என்று வைத்துக்கொள்வோம். இந்த வரிசையில் அந்தப் படம் உரிமையாளரில்லாத உபரிக் கோப்பாக வந்து சேரும், கேடில்லை. வரிசையை மாற்றினால், தரவுத்தளம் தன்னிடமில்லாத படத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். ஆர்டர்கள் வந்துகொண்டே இருக்கும் இணையக் கடைக்கு இதுவும் போதாது, சில நிமிடம் கடையைப் பராமரிப்பு நிலையில் மூடுவதே முறை. இன்னொன்று: தரவுத்தளக் கருவியான பிஎச்பிமைஅட்மினின் விரைவு ஏற்றுமதி, பழைய அட்டவணையை நீக்கச் சொல்லும் கட்டளையை இயல்பாகச் சேர்ப்பதில்லை. அதனால் மீட்கும் நாளில் ‘அட்டவணை ஏற்கெனவே உள்ளது’ என்ற 1050ஆம் எண் பிழை வந்து நிற்கும். விருப்ப ஏற்றுமதியில் அதற்கான பெட்டியைக் காப்பெடுக்கும் அன்றே குறியிட்டு வைக்கலாம்.

தமிழில் தளம் நடத்துகிறவர் இதற்கும் அடியில் உள்ள ஓர் அடுக்கைப் பார்த்தாக வேண்டும். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக மொத்தம் பதினைந்து. தளத்தின் பெயர், கட்டுரை போன்றவற்றை வேர்ட்பிரஸ் நேராகவே எழுதிவைக்கிறது. ஆனால் விட்ஜெட்டுகள், தீமின் தெரிவுகள் முதலியவற்றை ஒரே சரமாகக் கோத்து, ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் நீளத்தைப் பைட் கணக்கில் குறிக்கிறது. புதிய டொமைனுக்கு மாற்றும்போது ஏற்றுமதிக் கோப்பை எடிட்டரில் திறந்து பழைய முகவரியைத் தேடிப் புதியதை இட்டால், சொற்றொடரின் நீளம் மாறும், எழுதிய எண் மாறாது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி அந்தச் சரத்தைப் படிக்க மறுக்கிறது. கட்டுரைகள் எல்லாம் சரியாக இருக்க, பக்கப்பட்டை மட்டும் வெறுமையாகி நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. டபிள்யூபி-சிஎல்ஐ போன்ற கருவியின் தேடிமாற்றும் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

குறிமுறையும் இதே அடுக்கைச் சேர்ந்தது. மைஎஸ்க்யூஎல்லின் இயல்புக் குறிமுறை 2018இல் 8.0 பதிப்பு வரும் வரை லத்தீன்-1 ஆக இருந்தது. பழைய தளங்கள் சிலவற்றில் தமிழின் பைட்டுகள் லத்தீன் பெயர்ப்பலகையின் கீழ் கிடக்கின்றன. தளம் அதே குறிமுறையில் கேட்டு வாங்கிக்கொள்வதால் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. ஏற்றுமதியில் அந்தப் பைட்டுகள் லத்தீன் எழுத்துகளாகக் கருதப்பட்டு மறுபடியும் மாற்றப்படும்போது, ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மும்மூன்று புரியாத உருக்களாகிவிடும். உரு மாறியதைப் பெரும்பாலும் திருப்பலாம். கேள்விக்குறிகளாக மாறி எழுதப்பட்டுவிட்டால் பைட்டே போயிற்று, திருப்ப ஒன்றுமில்லை. ஏற்றுமதிக் கோப்பைத் திறந்து நாலு வரித் தமிழைக் கண்ணால் படித்துப் பார்ப்பது இதனால்தான் அவசியம்.

எடுத்த பிரதியைக் கணக்கிற்குள்ளேயே விட்டுவைக்க வேண்டாம். அதிலும் பப்ளிக்_எச்டிஎம்எல்லில் விட்டுவைப்பது, தரவுத்தளக் கடவுச்சொல்லை ஊருக்குத் திறந்து வைப்பதாகும். பெயரை ஊகித்தவர் எவரும் அதை இறக்கிக்கொள்ளலாம். தளத்தோடு காப்பும் அழியும் ஆபத்தும் உண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தது. தளமும் காப்பும் அங்கேயே இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். வேறு நிறுவனம், வேறு ஊர், முடிந்தால் சொந்த வன்தட்டு.

மீட்டுப் பார்க்காத பிரதியை நான் காப்பு என்று எண்ணுவதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. வழக்கமான காப்புப்பிரதிகள், கருவியின் பதிப்பு பொருந்தாமல், எவரும் அறியாதபடி ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகல் ஒன்றிலிருந்து மீண்டார்கள். ஒத்திகைக்கு ஒரு துணை டொமைனும் ஒரு வெற்றுத் தரவுத்தளமும் போதும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பை மாற்றாமல் விட்டால், ஒத்திகைத் தளம் நடப்புத் தளத்தின் தரவுத்தளத்தையே படிக்கும். எல்லாம் அழகாகத் திறக்கும். மீட்பு வென்றது போலத் தோன்றும். மீட்கப்பட்டது எதுவும் இருக்காது. தரவுத்தளத்தை மாற்றி, முகவரியை மாற்றாவிட்டாலோ, உள்நுழைந்ததும் நடப்புத் தளத்திற்கே திருப்பிவிடும்.

ஊடுருவலுக்குப் பின் மீட்பது தனி வகை. பழைய கோப்புறையின் மேலேயே பிரதியை விரித்தால் உரிய கோப்புகள் மாற்றி எழுதப்படும். ஊடுருவியவர் வைத்த அந்நியக் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய கோப்புறையை வலைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, வெற்றுக் கோப்புறையில் விரிக்க வேண்டும். கடைசிப் பிரதியில் நஞ்சு கலந்திருக்கக்கூடும் என்பதால் சில மாதங்களின் பிரதிகளாவது கையில் வேண்டும். ஒரே கணக்கின் தளங்கள் அனைத்தும் பொதுவாக ஒரே பயனர் உரிமையில் ஓடுகின்றன. மறந்துபோன அந்தச் சோதனைத் தளத்தில் ஓட்டை இருந்தால், நாம் வரைந்த எல்லை ஊடுருவியவரைத் தடுக்காது. சோதனைத் தளத்தை அழித்துவிட்டு, தரவுத்தளம், சிபேனல், நிர்வாகி ஆகிய மூன்றின் கடவுச்சொற்களையும், டபிள்யூபி-கான்ஃபிக்கில் உள்ள இரகசியச் சாவிகளையும் மாற்றிய பிறகே தளத்தைத் திறக்கலாம்.