வயிறும் சைக்கிளும்

விடியற்காலை 5 மணிக்கு ஒருவனை எழுப்பிப் பெரட்டுக் களத்திற்கு அனுப்புவது யாது? வயிறுதான் என்பர் பலர். நாமும் அப்படியே எண்ணியிருந்தோம். ஏனெனில், தோட்டத்துக் கிராணியாகிய நம் செக்ரோல் புத்தகத்தில் நாளும் கூலியும் எழுத இடமுண்டு, வேறொன்றும் எழுத இடமில்லை.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். யுத்த காலம், ரப்பருக்கு நல்ல விலை, உணவுப் பொருள்களும் விலையேறின. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் துணையோடு தொழிலாளர் கேட்டவை: சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு. இவற்றோடு இன்னுமொன்று: துரைமாரும் உத்தியோகஸ்தரும் எதிர்ப்படுங்கால் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்லும் உரிமை!

இக்கோரிக்கையால் முதலாளிக்கு ஒரு காசு நஷ்டமில்லை. தொழிலாளிக்கு ஒரு காசு லாபமுமில்லை. வயிறொன்றே மனிதனை இயக்குமாயின் இஃது அப்பட்டியலில் ஏறுவானேன்? "கூலிதான் மூலம், மற்றவை கூட வந்தவை" என்று வாதிப்பார் நம் நண்பரொருவர். அவர் கூற்றில் பாதி உண்மை. பசித்தவனுக்குச் சுயமரியாதை உபதேசம் செய்வது கொடுமை. எனினும், கூலி ஓரளவு உயர்ந்து வேலைக்குத் திரும்பியவர்களே, மே மாதத்தில் நாதன் கைதானதும் அவர் விடுதலை வேண்டி மீண்டும் பால்வெட்டுங் கத்தியைக் கீழே வைத்தனர். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். எந்தக் கூலிக் கணக்கில் இதை எழுதுவது?

"உத்தியோகஸ்தர்" என்ற சொல்லை விரைந்து கடந்துவிட நமக்கு ஆசைதான். அதில் ஆங்கிலம் படித்த கிராணிமாரும் அடங்குவர். தமிழனைக் கண்டு தமிழன் சைக்கிளை விட்டு இறங்கினான்.

அக்காலம் போயிற்று என்பீர்கள். நம் தோட்டத்தில் இன்று ரப்பரில்லை, செம்பனை. சைக்கிளில்லை, மோட்டார் சைக்கிள். சென்ற ஆண்டு முதியவர் ஒருவர், தம் கணக்கில் பத்துக் குலைகள் குறைகின்றன என்றார். "பொய் சொல்லாதீர், பெரியவரே" என்றோம். அதுவும் பெரட்டில், பலர் முன்னே. மறுநாள் பார்த்தால் பிழை நம்முடையது. அவரை அலுவலகத்துக்கு அழைத்துப் பணத்தை நீட்டினோம். அவர் வாங்கவில்லை.

"காசு கிடக்கட்டும் ஐயா. பொய்யன் என்றது பெரட்டில். திருத்துவது மட்டும் அறைக்குள்ளேயா?"

பெரட்டில் அதைச் சொல்ல நமக்கு மூன்று நாட்களாயின. சொன்ன பிறகே அவர் பணத்தை எண்ணி வாங்கினார். ஒரு வெள்ளி கூடுதலாக இருந்ததைத் திருப்பித் தந்தார்.